இருக்கிற வெளிச்சத்துக்கு ஏத்த செடி: முதல் மீன் தொட்டிக்கு ஒரு கைடு

மீன் தொட்டி வாங்கின எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வரும்: பிளாஸ்டிக் செடியே போதுமா, இல்ல நிஜச் செடி வைக்கலாமா? யூடியூப்ல பார்த்தா பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி தொட்டிகளா இருக்கும். அந்த ஆசையில கடைக்குப் போனா செடியோட சேர்த்து பவர்ஃபுல் லைட், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், மூணு வகை உரம்னு ஒரு லிஸ்ட் நீளும். டோட்டலைக் கேட்டதும் பிளாஸ்டிக் செடியையே வாங்கிட்டு வந்துடுவோம்.

அந்த லிஸ்ட்ல பெரும்பாலானது முதல் தொட்டிக்குத் தேவையே இல்லை. வரிசையை மட்டும் மாத்தினா போதும். எல்லாரும் முதல்ல பிடிச்ச செடியை வாங்கிட்டு, அப்புறம் அதுக்கு ஏத்த லைட்டைத் தேடுறாங்க. நீங்க முதல்ல உங்க தொட்டியில எவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு பாருங்க. அந்த வெளிச்சத்துல வாழுற செடியை அப்புறம் தேர்ந்தெடுங்க. குறைந்த வெளிச்சத்துல நல்லா வளர்ற செடிகள் நிறையவே இருக்கு. அதுல சிலது நம்ம ஊர் குளத்துலயே இருக்கு.

நிஜச் செடி எதுக்கு?

அழகுக்காகன்னு மட்டும் நினைக்காதீங்க. மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிச்சம் விழுந்த தீனி அழுகினாலும் அம்மோனியாதான் வரும். அது மீனுக்கு விஷம். ஃபில்டர்ல வளர்ற பாக்டீரியாக்கள் அதை முதல்ல நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைவான நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புது ஃபில்டர்ல இந்தப் பாக்டீரியா போதுமான அளவுக்குப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகலாம். "வாங்கி பத்து நாள்தான் ஆச்சு, வரிசையா செத்துப்போச்சு"ன்னு நிறைய பேர் சொல்றதுக்குப் பின்னாடி பெரும்பாலும் இந்த இடைவெளிதான் இருக்கு.

செடிகள் அம்மோனியத்தை நேரடியாகவே உணவா எடுத்துக்கும். நைட்ரேட்டையும் எடுக்கும். கூடவே மீன் ஒளிஞ்சுக்க இடம் கிடைக்கும், பயம் குறையும். ஆனா ஒண்ணு, செடி வைச்சா ஃபில்டர் வேண்டாம்னு அர்த்தம் இல்லை. நாம இங்க பார்க்கப் போற செடிகளில் பல மெதுவா வளர்றவை, அதனால அம்மோனியாவையும் மெதுவாதான் இழுக்கும். ஃபில்டர் கட்டாயம் ஓடணும், மீனையும் கொஞ்சம் கொஞ்சமாதான் சேர்க்கணும்.

வெளிச்சம்: ஒரு வரவு செலவுக் கணக்கு

செடி ஒளிச்சேர்க்கையில் சர்க்கரை தயாரிக்கிறது. இது வரவு. இரவு பகல் பார்க்காமல் சுவாசிக்கவும் செய்கிறது. இது செலவு. வரவும் செலவும் சமமாகும் ஒளி அளவை 'லைட் காம்பென்சேஷன் பாயிண்ட்' என்பார்கள். வெளிச்சம் அதுக்குக் கீழே போனா, செடி தன் சேமிப்பைக் கரைச்சு கொஞ்ச நாள் ஓட்டும், அப்புறம் சாகும். காட்டு நிழலில், ஓடைக் கரையில் வளர்ந்து பழகிய செடிகளுக்கு செலவு கம்மி. அதனால கம்மியான வெளிச்சத்துலயே அதுகளுக்குக் கட்டுப்படியாகும். இதைத்தான் கடையில 'லோ லைட் பிளான்ட்'னு சொல்றாங்க.

அப்போ லைட்டை ஏத்தினா எல்லாச் செடியும் வேகமா வளருமே? இங்கதான் பாட்டில்நெக் வருது. ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் மட்டும் போதாது, கார்பன் டை ஆக்சைடும் சத்துக்களும் வேணும். எது குறைவா இருக்கோ அதுதான் வளர்ச்சியின் வேகத்தை முடிவு பண்ணும். 19ஆம் நூற்றாண்டில் லீபிக் பிரபலப்படுத்திய 'லா ஆஃப் தி மினிமம்' இதைத்தான் சொல்கிறது. தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. சாதாரணத் தொட்டித் தண்ணீரில் அது இருப்பதும் மிகக் கொஞ்சம். ஆக, சிலிண்டர் இல்லாத தொட்டியில வெளிச்சத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினா, செடியால அந்தக் கூடுதல் வெளிச்சத்தைப் பயன்படுத்த முடியாது. அதை பாசி பயன்படுத்திக்கும். கண்ணாடி பச்சையாகும், இலை மேல கறுப்பா முடி மாதிரி படியும். செடி சரியா வளரலைன்னு இன்னும் பெரிய லைட் வாங்கினா பாசிக்குக் கொண்டாட்டம்தான்.

குறைந்த வெளிச்சத்துல எல்லாமே மெதுவா நடக்கும். கார்பன் டை ஆக்சைடு தேவை கம்மி, உரம் கம்மி, வெட்டி விடுற வேலை கம்மி. நீங்க இன்டர்னல்ஸ் நேரத்துல ஒரு வாரம் தொட்டியைக் கவனிக்காம விட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாது.

போனை வைத்து அளக்கலாம்

'லோ லைட்'னா எவ்வளவு? செடிகளுக்குப் பயன்படும் ஒளியை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் விழுகிறது என்பதே கணக்கு. தொட்டியின் அடியில் 15 முதல் 30 வரை இருந்தால் அதைப் பொதுவாகக் குறைந்த வெளிச்சம் என்கிறார்கள். பார் மீட்டர் விலை அதிகம். ஆனா உங்க போன்ல லைட் சென்சார் இருக்கு, இலவச லக்ஸ் மீட்டர் ஆப் இருக்கு. வெள்ளை எல்இடிக்கு, லக்ஸை சுமார் 70ஆல் வகுத்தால் தோராயமான பார் மதிப்பு கிடைக்கும்.

தொட்டியில தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி, லைட்டைப் போட்டு, போனை அடியில மல்லாக்க வைச்சுப் பாருங்க. 1,000 முதல் 2,000 லக்ஸ் வந்தா தாராளம். அறையில எரியுற டியூப்லைட் மட்டும் இருந்தா பல இடங்களில் 200, 300 லக்ஸ்தான் காட்டும். 70ஆல வகுத்தா 3, 4. அது எந்தச் செடிக்கும் பட்டினிதான். அதனால 'லோ லைட்'னா 'லைட்டே வேண்டாம்'னு எடுத்துக்காதீங்க. சின்னதா ஒரு எல்இடி வேணும். 2 அடி தொட்டிக்கு 10 வாட் அளவுள்ள வெள்ளை எல்இடி பெரும்பாலும் போதும். ஒரு நாளைக்கு 7 மணி நேரம் எரிஞ்சா மாசத்துக்கு 2.1 யூனிட்தான் ஆகும்.

ஜன்னல் பக்கம் வைச்சு சூரிய வெளிச்சத்தைப் பயன்படுத்தலாமேன்னு தோணும். நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அது தொட்டி மேல அரை மணி நேரம் விழுந்தாலே பாசியும் வரும், தண்ணியும் சூடாகும். ஜன்னலை விட்டுத் தள்ளி வைச்சு, லைட்டுக்கு ஒரு பிளக் டைமர் மாட்டுங்க. தினமும் ஒரே நேரத்துல 6 முதல் 8 மணி நேரம் எரியட்டும். வயர் தொட்டியிலிருந்து நேரா பிளக்குக்குப் போகாம, பிளக்குக்குக் கீழ ஒரு வளைவு தொங்கி மேல ஏறுற மாதிரி இருக்கட்டும். அப்போ வழியுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், பிளக்குக்குப் போகாது.

எந்தச் செடி?

*அனுபியாஸ்.* முதல் செடிக்கு இதைவிடப் பாதுகாப்பான தேர்வு இல்லை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் நிழலான ஓடைகளில் பாறை மேல் வளர்வது. நிழலில் வாழ்வதால்தான் எகிப்தியர்களின் மரண தெய்வமான அனுபிஸின் பெயரை 1857இல் ஷாட் என்ற தாவரவியலாளர் இதுக்கு வைத்தார். நம்ம சேப்பங்கிழங்கு இதுக்கு ஒரே குடும்பம். இலை தடிமன், தங்கமீன்கூட அவ்வளவா கடிக்காது. 'நானா' என்ற குட்டை வகை சின்னத் தொட்டிக்குப் பொருத்தம். புது இலை வர வாரக்கணக்கா ஆகும். பழைய இலை ரொம்ப நாள் இருக்கும். அதனால வெளிச்சம் கூடினா முதல்ல பாசி படியுறதும் இந்த இலைகள் மேலதான். தொட்டியிலயே நிழலான மூலையை இதுக்குக் கொடுங்க.

*ஜாவா ஃபெர்ன்.* இது பெரணி வகை. பூக்காது, விதை கிடையாது. ஆசியாவின் ஓடைகளில் பாறைகளைப் பற்றி வளர்வது. இலைக்கு அடியில வரிசையா கறுப்புப் புள்ளி வந்தா நோய்னு நினைச்சுப் பறிச்சுடாதீங்க, அது வித்துகள் உண்டாகும் இடம். இலை நுனியிலயே குட்டிச் செடி முளைக்கும். வேர் வந்ததும் பிரிச்சு வேற கல்லுல கட்டினா இன்னொரு செடி. ஒரே குறை, சூடு அவ்வளவாகப் பிடிக்காது. தண்ணி 30 டிகிரியைத் தாண்டி ரொம்ப நாள் நின்னா இலை பழுப்பாகும்.

*ஜாவா மாஸ்.* வேரே இல்லாத பாசிச்செடி. கல்லுலயோ கட்டையிலயோ நூலால சுத்தி விட்டா பிடிச்சுக்கும். இறால் வளர்க்கிறவங்களுக்கும் மீன் குஞ்சு காப்பாத்தணும்னு நினைக்கிறவங்களுக்கும் ரொம்ப உதவும். கழிவு இதுக்குள்ள சிக்கும் என்பதால் தண்ணி மாத்தும்போது லேசா உதறி விடணும்.

*கிரிப்டோகோரைன் வென்டியை.* இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி. இதன் சொந்தக்காரச் செடிகள் சிலது தென்னிந்திய ஆறுகளிலும் இருக்கு. மேல சொன்ன மூணும் கல்லு, கட்டை மேல வளரும். இது மட்டும் மண்ணுல வேர் விடும். 2 அங்குலம் மணல் அல்லது பொடி ஜல்லி வேணும், வேர் பக்கம் உர மாத்திரை ஒண்ணு புதைச்சா நல்லது. இதுக்கு ஒரு குணம் உண்டு. இடம் மாத்தினா கோவிச்சுக்கும். நட்ட சில நாள்ல இலை எல்லாம் கண்ணாடி மாதிரி கரைஞ்சு போகும். 'கிரிப்ட் மெல்ட்'னு பேரு. நிறைய பேர் செத்துப்போச்சுன்னு பிடுங்கி எறியறது இந்த நேரத்துலதான். வேர் உயிரோடதான் இருக்கும். கரைஞ்ச இலையை மட்டும் எடுத்துட்டு விடுங்க, சில வாரத்துல புது இலை வரும்.

*வாலிஸ்னேரியா.* ரிப்பன் மாதிரி நீள இலை. பின்பக்கச் சுவருக்கு நல்ல திரை. போர்வெல் தண்ணி உப்புக்கடுப்பா, ஹார்டா இருக்குன்னு கவலைப்படுறவங்களுக்கு இது ஏத்தது. ஹார்டான தண்ணியில பைகார்பனேட் நிறைய இருக்கும். பல செடிகளால் அதிலிருந்து கார்பனை எடுக்க முடியாது, வாலிஸ்னேரியாவால் முடியும். மேல சொன்ன நாலையும்விடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கேட்கும். பிடிச்சுக்கிட்டா பக்கவாட்டுல கொடி விட்டு வரிசை வரிசையா முளைக்கும்.

*ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம்.* ஸ்கூல் பயாலஜி லேப்ல புனலுக்குள்ள ஒரு செடியை வைச்சு, மேல டெஸ்ட் ட்யூப்பைக் கவுத்து, ஆக்சிஜன் குமிழி வர்றதைக் காட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? அதுதான் ஹைட்ரில்லா. நம்ம ஊர் குளம், வாய்க்கால்ல சாதாரணமா இருக்கும். மிகக் குறைந்த வெளிச்சத்திலும் வரவு செலவு கட்டுப்படியாகிற செடி இது. செரட்டோஃபில்லத்துக்கு வேரே கிடையாது, மிதக்க விட்டாலே போதும். ரெண்டும் வேகமா வளரும், புதுத் தொட்டியில அம்மோனியத்தையும் வேகமா இழுக்கும். முதல் ரெண்டு மாசத்துக்கு இதுல ஒரு கொத்து போட்டு வைச்சா மீனுக்கு நல்ல பாதுகாப்பு. வாரம் ஒருமுறை பாதியை வெட்டி எடுக்கணும். குளத்துல இருந்து எடுத்தா நத்தை, அட்டை, பூச்சியும் கூடவே வரும். தனி பக்கெட்ல ஒரு வாரம் வைச்சு, தினமும் தண்ணி மாத்தி, அலசிட்டு அப்புறம் தொட்டியில விடுங்க.

கடையில கவனிக்க வேண்டியது

சென்னையில கொளத்தூர் மாதிரி வண்ணமீன் கடைகள் வரிசையா இருக்கிற இடத்துக்குப் போனா எல்லா வகையும் கண்ணுல படும். அங்க மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, அது நிஜமாவே தண்ணிச் செடியா? லக்கி பாம்பூ, சிங்கோனியம், சிவப்புப் புள்ளி போட்ட கலேடியம் எல்லாம் தொட்டிக்குள்ள முக்கி வைச்சு விற்கப்படுறது உண்டு. இவை நிலத்துச் செடிகள். வேர் மட்டும் தண்ணியில இருந்து, இலை வெளியில இருந்தா சில வகை பிழைக்கும். முழுசா முங்கினா சில வாரம் நல்லா இருக்கிற மாதிரி நடிச்சுட்டு மெதுவா அழுகும். அழுகினா மறுபடி அம்மோனியா, அதோட விலை மீனுக்குத்தான். தண்ணியில இருந்து வெளிய எடுத்ததும் தண்டு விறைப்பா தானா நிக்குதுன்னா சந்தேகப்படுங்க. ஆனா அனுபியாஸ் இதுக்கு விதிவிலக்கு, அது விறைப்பாதான் இருக்கும்.

ரெண்டு, ரைசோமை அழுத்திப் பாருங்க. ரைசோம்னா இஞ்சி, மஞ்சள் மாதிரி படுத்து வளர்ற தடிச்ச தண்டு. அனுபியாஸுக்கும் ஜாவா ஃபெர்னுக்கும் உயிர் அதுலதான். உறுதியா இருக்கணும். கொழகொழன்னு இருந்தாலோ நாத்தம் வந்தாலோ வேண்டாம்.

மூணு, தரையில கம்பளம் மாதிரி படர்ற குட்டிச் செடிகளும் ரத்தச் சிவப்பு இலைச் செடிகளும் எவ்வளவு அழகா இருந்தாலும் இப்போதைக்கு விட்டுடுங்க. அதுல பெரும்பாலானதுக்கு வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் நிறைய வேணும்.

நடுவதும் முதல் மாதமும்

அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணுல புதைக்கவே கூடாது. ரைசோம் மண்ணுக்குள்ள போனா அழுகும். கல்லு அல்லது கட்டை மேல பருத்தி நூலால கட்டுங்க. நூல் மக்கிப் போறதுக்குள்ள வேர் பிடிச்சிருக்கும். சயனோஅக்ரிலேட் பசை ஒரு சொட்டு வைச்சும் ஒட்டலாம். காய்ஞ்ச பிறகு அது மீனுக்கு ஒண்ணும் செய்யாது.

பல நர்சரிகளில் இந்தச் செடிகளை ஈரமான காற்றில், தண்ணிக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள். உங்க தொட்டிக்கு வந்ததும் பழைய இலை தண்ணிக்குத் தாங்காம உதிரலாம், அப்புறம் தண்ணிக்கு ஏத்த புது இலை வரும். அதனால முதல் மூணு நாலு வாரம் பழைய இலையைப் பார்க்காதீங்க, நடுவுல புதுத் துளிர் வருதான்னு மட்டும் பாருங்க. வந்தா செடி பிழைச்சாச்சு.

இந்த மாசத்துல லைட்டை 6 மணி நேரத்துக்கு மேல போடாதீங்க. மீன் கழிவே பெரும்பாலும் உரம். இலை வெளிறினா மட்டும் திரவ உரத்தை டப்பாவில் போட்ட அளவுல பாதி, வாரம் ஒருமுறை. வாரம் கால்வாசித் தண்ணி மாத்துங்க, புதுத் தண்ணியில குளோரின் நீக்கும் மருந்து போட்டுட்டு. பாசி வந்தா மருந்து தேடாம, முதல்ல லைட் நேரத்தை ஒரு மணி குறைங்க, தீனியையும் குறைங்க.

மே மாசம் நம்ம ஊர்ல தனிப் பிரச்சினை. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5தான். ராத்திரி லைட் அணைஞ்சதும் செடியும் ஆக்சிஜனை எடுக்கும். மெதுவா வளர்ற செடிகள் எடுக்குறது கொஞ்சம்தான், இருந்தாலும் ஏர் பம்ப் ராத்திரி ஓடட்டும். தண்ணி மேல படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைச்சா ஆவியாதல் மூலமா ரெண்டு மூணு டிகிரி குறையும்.

வெட்டினதை எங்க போடுறது?

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதுலதான் நம்ம பொறுப்பு அதிகம். வெட்டின செடியை ஏரியிலயோ கால்வாயிலயோ போடவே கூடாது. நம்ம லேப் ஹைட்ரில்லாவோட கதையையே எடுத்துக்கங்க. 1950களின் தொடக்கத்தில் அது இலங்கையிலிருந்து மீன் தொட்டிச் செடியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனது. அங்கிருந்து கால்வாய்களுக்குப் பரவி, படகு போக முடியாத அளவுக்கு நீர்நிலைகளை அடைத்தது. இன்று வரை அதைக் கட்டுப்படுத்தச் செலவு செய்துகொண்டே இருக்கிறார்கள். இதுக்கு நேர் எதிர்த் திசையில், தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத் தாமரை நம்ம ஏரிகளை மூடிக் கிடக்கிறதை நீங்களே பார்த்திருப்பீங்க. ஒரு ஊர்ல சாதாரணச் செடி, இன்னொரு ஊர்ல களை. வெட்டினதை வெயில்ல நல்லா காய வைச்சு, பூந்தொட்டியில உரமா போடுங்க. நல்ல துண்டா இருந்தா ஃப்ரெண்டுக்குக் கொடுங்க.

சரி, என்ன வாங்கலாம்?

60 × 30 × 30 செ.மீ. தொட்டி, அதாவது 54 லிட்டர்னு வைச்சுக்கங்க. ஒரு கட்டை, அதுல கட்டின ஒரு ஜாவா ஃபெர்ன். ரெண்டு கல்லுல ரெண்டு அனுபியாஸ் நானா. முன்பக்கம் மூணு கிரிப்டோகோரைன். மிதக்க ஒரு கொத்து செரட்டோஃபில்லம். ஒரு சின்ன எல்இடி, ஒரு டைமர், ஒரு ஃபில்டர், ஏர் பம்ப். சிலிண்டர் வேண்டாம். மூணு பாட்டில் உரமும் வேண்டாம். செடி வைச்சு ஃபில்டரை ஓட விட்டு, சில வாரம் கழிச்சு நாலஞ்சு சின்ன மீன்ல ஆரம்பிங்க.

ஒரு மாசத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆறு மாசம் கழிச்சு, செட்டப் பண்ண அன்னைக்கு எடுத்த போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க, அப்போ தெரியும் வித்தியாசம். அதனால முதல் நாளே ஒரு போட்டோ எடுத்து வைச்சுக்க மறக்காதீங்க.